முரசோடு வருகிறது கிறிஸ்துமஸ்

சற்று முன்பு நான்கு குரலில் பாடி அசத்திய பாடகர் குழுவினரே, கேக் எப்போது வெட்டுவார்கள் என்று முன்வரிசையில் காத்திருக்கும் குழந்தைகளே, அனைவருக்கும் என் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்!

வெறுங்கையோடு வாழ்த்த மனம் வரவில்லை. எனக்கு உயிரான ஓர் இசையைக் கொண்டுவந்திருக்கிறேன்: யோஹான் செபாஸ்டியன் பாக் அமைத்த 'கிறிஸ்துமஸ் ஒரட்டோரியோ'.

1734 டிசம்பர் 25. ஜெர்மனியில் லைப்சிக் நகரம். திருவருகைக் காலத்தின் கடைசி வாரங்களில் அந்த ஊர் ஆலயங்களில் வாத்தியக் குழுவோடு இசை கிடையாது. அப்படிக் காது காய்ந்து கிடந்த மக்கள் பண்டிகைக் காலையில் புனித நிக்கோலஸ் ஆலயத்தில் வந்து அமர்கிறார்கள். முதலில் எழுவது பாட்டா? இல்லை. வயலினா? அதுவும் இல்லை. டிம்பனி முரசு! தன்னந்தனியாக ஐந்து அடி. புல்லாங்குழல் பதில் சொல்கிறது. மறுபடி முரசு. டிரம்பெட்டுகள் பாய்ந்து வருகின்றன. பிறகு பாடகர்கள் எழுந்து அந்த முரசின் ஐந்து அடியையே ஒரே குரலில் பாடுகிறார்கள். கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

இந்த முரசு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஓராண்டுக்கு முன், 1733 டிசம்பர் 8 அன்று, போலந்து அரசி மரியா யோசெஃபாவின் பிறந்தநாளுக்கு அதே ஊரின் காபிக்கடை ஒன்றில் பாக் நடத்திய கச்சேரியிலிருந்து! முரசே முழங்கு என்றுதான் அன்றைய பாட்டு தொடங்கியது. அதே மெட்டை எடுத்து ஆலயத்துக்குக் கொண்டுபோனார். அவர் கைப்பட எழுதிய சுரப்பிரதி இன்றும் இருக்கிறது. அதில் பழக்கத்தில் அரசிக்கான பழைய சொற்களையே முதலில் எழுதிவிட்டு, பிறகு அடித்துத் திருத்தியிருக்கிறார். அந்த அடித்தல் கோட்டின் மேல் எனக்குத் தனி அன்பு உண்டு.

வேறொரு பாட்டின் கதை இன்னும் சுவையானது. இளவரசர் ஒருவரின் பிறந்தநாளுக்கு பாக் எழுதிய இசைநாடகத்தில், இளம் ஹெர்குலிஸை மயக்கித் தூங்கவைக்கச் 'சிற்றின்பம்' என்ற பாத்திரம் பாடுகிறது. அந்தப் பாட்டுதான் இங்கே குழந்தை இயேசுவுக்குத் தாலாட்டு! இந்த ஒரட்டோரியோவின் நான்காம் பகுதியிலோ ஒரு குரல் கேள்வி கேட்க, எங்கிருந்தோ எதிரொலி 'இல்லை' என்றும் 'ஆம்' என்றும் பதில் சொல்கிறது. குழந்தைகளே, அந்த இடத்தில் நீங்கள் கட்டாயம் சிரிப்பீர்கள்.

பழைய சரக்கை மறுபடி விற்றார் என்று சிலர் குறை சொல்வதுண்டு. நான் ஏற்கமாட்டேன். காபிக்கடை மகிழ்ச்சி வேறு, ஆலய மகிழ்ச்சி வேறு என்று பாக் பிரித்துப் பார்க்கவில்லை. அரசிக்கு ஒலித்த முரசு தொழுவத்துக் குழந்தைக்கும் ஒலிக்கட்டும் என்று எண்ணியிருப்பார். அதனால்தான் இந்த இசையில் பக்தியும் குதூகலமும் கைகோத்து ஆடுகின்றன.

பாக் மறைந்த பிறகு நூறு ஆண்டுக்கு மேல் இதை முழுமையாகப் பாட ஆளில்லை. 1857இல் பெர்லினில்தான் மீண்டும் அரங்கேறியது. இன்று நம் கைப்பேசியிலேயே கிடைக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். ஒரே மூச்சில் கேட்டு முடித்துவிடாதீர்கள். ஆறு நாட்களுக்கென்று ஆறு பகுதிகளாக எழுதப்பட்டது இது: டிசம்பர் 25, 26, 27, புத்தாண்டு நாள், அதை அடுத்த ஞாயிறு, ஞானியர் வருகையைக் கொண்டாடும் ஜனவரி 6. ஒரு பகுதி ஏறத்தாழ அரை மணி நேரம். அந்தந்த நாளில் அந்தந்தப் பகுதியை வீட்டார் எல்லோரும் கூடி உட்கார்ந்து கேளுங்கள். முதல் நாள் மட்டும் ஒலியைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் முரசு கேட்கட்டும்!