மட்டாஞ்சேரி: நீர் வகுத்த ஊர்

ஓர் ஊரின் வரலாற்றை அரசர் பெயர்களைக் கொண்டு தொடங்குதல் மரபு. மட்டாஞ்சேரியின் வரலாற்றையோ நாம் நீரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 1341ஆம் ஆண்டில் பெரியாறு பெருக்கெடுத்தது. சங்கப் புலவர் போற்றிய முசிறித் துறை தூர்ந்தது. தெற்கே, கொச்சியில், காயலுக்கும் கடலுக்கும் இடையே அகன்ற வாயில் திறந்தது என்பர் வரலாற்றாசிரியர். ஒரு துறையை அழித்த நீரே மற்றொரு துறையைப் படைத்தது.

அவ்வாயிலை நாடி வந்தோர் பலர். 1555இல் போர்த்துக்கீசியர் கொச்சி அரசருக்கு மட்டாஞ்சேரியில் அரண்மனை கட்டித் தந்தனர். பின்னர் டச்சுக்காரர் அதனைப் புதுப்பித்தமையால் டச்சு அரண்மனை என்னும் பெயரே நிலைத்துவிட்டது. அதன் அருகே 1568இல் யூதர் தம் தொழுகைக் கூடத்தை எழுப்பினர். கொங்கணியரும் குஜராத்தியரும் கச்சு நாட்டு முஸ்லிம்களும் வாணிகம் வளர்த்தனர். தமிழரும் வந்தனர். அண்மையிலுள்ள வெளி என்னுமிடத்தில் சலவைத் தொழில் செய்யும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர், டச்சுப் படையினரின் உடைகளை வெளுக்க வந்தவர் என்பது வழிவழிச் செய்தி. கஞ்சியிட்ட துணியை முறுக்குக் கயிற்றின் புரிகளுக்கிடையே செருகி உலர்த்துவது அவர்தம் கைத்திறன்.

மனிதர் மட்டுமோ இவ்வாயிலால் வாழ்கின்றனர்? கடலில் பிறக்கும் இறாற்குஞ்சுகள் ஓதத்தோடு காயலுக்குள் புகுகின்றன. கண்டல் மரங்களின் வேர்களிடையே வளர்ந்து மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. கரிமீனோ காயலிலேயே குடும்பம் நடத்துகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து முட்டைகளைக் காக்கின்றன. துறைமுகத்து வாயிலில் ஓங்கில்கள் துள்ளுகின்றன. சீன வலை மேலெழும்போது சிதறும் சிறுமீனுக்காகக் கொக்குகள் காத்து நிற்கின்றன.

1920க்குப் பின் பிரிஸ்டோ என்னும் பொறியாளர், வாயிலை அடைத்திருந்த மணல் திட்டை வெட்டுவித்தார். 1928இல் பெருங்கப்பல் உள்ளே நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொண்டு எதிரே வில்லிங்டன் தீவை உருவாக்கினர். நாட்டுக்கு நன்மை விளைந்தது. மட்டாஞ்சேரியின் பழைய படகுத்துறைகளோ மெல்ல ஓய்ந்தன.

அத்தீவு ஒரு பெருந்தேவைக்காக எழுந்தது. அதன்பின் சிறு சிறு தேவைகளுக்காகக் கரையோரங்களைத் தூர்ப்பதும், கழிவுகளைக் காயலில் விடுவதும், கண்டலை வெட்டுவதும் வழக்கமாகிவிட்டன. வேம்பநாட்டுக் காயல் 2002இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. எறணாகுளத்தின் நடுவே எஞ்சிய மங்களவனம் 2004இல் பறவைகள் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. இவை நற்செயல்களே. ஆயினும் அறிவிப்பு மட்டும் நீரைத் தூய்மை செய்யாது.

1948க்குப் பின் இவ்வூர் யூதருள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். வணிகர் வேறு துறை தேடிச் செல்லலாம். வளர இடம் தேடி வரும் இறாற்குஞ்சும், அதனை நம்பி வலை இறக்கும் மீனவனும் எங்கே செல்வர்? அரண்மனையையும் தொழுகைக் கூடத்தையும் பேணுகின்ற நாம், அவற்றுக்கெல்லாம் காரணமான காயலையும் பழஞ்செல்வமாகக் கருதிப் பேணுதல் வேண்டும். நீர் வகுத்த ஊர், நீர் உள்ளளவும் வாழும்.