அக்கா அக்கரையில்!

எதிரணியில் இருந்து என்னை ஒரு கை பார்க்கக் காத்திருக்கும் சகோதரி அவர்களே!

குடும்பச் சுற்றுலாவில் மகிழ்ச்சி தருவது திட்டமிட்டுப் போவதா, நினைத்தவுடன் கிளம்புவதா? திட்டமிட்டுப் போவதே என்று பேச வந்திருக்கிறேன். முன் வரிசையில் என் மனைவி சிரிக்கிறார் பாருங்கள். "இவருக்கா இந்த அணி?" என்கிற சிரிப்பு அது. காரணத்தை நானே சொல்லிவிடுகிறேன்.

சகோதரி என்ன கேட்டார்? "குற்றாலத்துல சாரல் விழுதுன்னு போன் வந்தா, துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே! அருவி என்ன திட்டம் போட்டா விழுது?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். குற்றாலம் போதாமல் செங்கோட்டையைத் தாண்டிப் பாலருவிக்குப் போனால் அது கேரளா. மாநில எல்லை. அங்கே எவனாவது உங்களிடம் பாஸ்போர்ட் கேட்டானா? இல்லை. ஆனால் அம்மா, இரண்டு நாட்டு எல்லையில் ஓர் அருவி விழுகிறதே, நயாகரா, அது திட்டம் போட்டுத்தான் விழுகிறது!

சிரிக்காதீங்க. 1950-ல் அமெரிக்காவும் கனடாவும் ஒப்பந்தமே போட்டிருக்கின்றன. சுற்றுலாக் காலத்தில், பகல் பொழுதில், விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்குக் குறையாமல் அருவியில் தண்ணீர் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் ஐம்பதாயிரம் கன அடி போதும், மிச்சம் மின்சாரத்துக்கு. நம்ம மேட்டூர் கணக்கு மாதிரி! 1969-ல் பாறையை ஆராய வேண்டும் என்று, குறுக்கே அணை போட்டு, அமெரிக்கப் பக்கத்து அருவியை மாதக்கணக்கில் நிறுத்தியே வைத்திருந்தார்கள். அருவியே நேரம் பார்த்து விழுகிறது. திட்டமில்லாமல் போனவன் நான் ஒருத்தன்தான்.

2019 ஜூன் மாதம். என் மகன் நியூஜெர்சியில் இருக்கிறான். என் அக்கா டொராண்டோவில், அவள் மகன் வீட்டில். அக்காவைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். எங்கள் அம்மா காலமானபோது அங்கே பேரப்பிள்ளை பிறந்த நேரம். காரியத்துக்குக்கூட அவளால் வர முடியவில்லை. போனில் அழுதாள். அதோடு சரி.

நயாகராவில் இந்தப் பக்கம் அமெரிக்கா, அந்தப் பக்கம் கனடா. நடுவில் ரெயின்போ பாலம், 1941-ல் திறந்தது, நடந்தே கடக்கலாம் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன். தமிழ் வாத்தியாருக்கு இது போதாதா? "அக்கா, பாலத்துல நடந்து வந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அவள் அங்கே முறுக்கு சுட ஆரம்பித்துவிட்டாள்.

கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி. பெட்டி கட்டியாச்சு. மருமகள் கேட்டாள்: "மாமா, கனடா விசா எடுத்துட்டீங்கல்ல?"

"எதுக்கும்மா? அதான் பத்து வருஷத்துக்கு விசா குத்தியிருக்கானே!"

"மாமா, அது அமெரிக்காவுக்கு. கனடா வேற நாடு மாமா."

நடுவர் அவர்களே, என் முனைவர் பட்ட ஆய்வே சங்க இலக்கியத்தில் திணை நிலங்களைப் பற்றியது. குறிஞ்சி எங்கே முடிகிறது, முல்லை எங்கே தொடங்குகிறது என்று நானூறு பக்கம் எழுதியவன். அமெரிக்கா எங்கே முடிகிறது என்று தெரியவில்லை! (சிரிப்பு) சரி, அக்காவையாவது இந்தப் பக்கம் வரச் சொல்லலாம் என்றால், அவளுக்கு அமெரிக்க விசா இல்லை. நான் வந்துவிடுவேன் என்று சொன்னதை நம்பி அவளும் சும்மா இருந்துவிட்டாள். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் ஆச்சே!

ஏழு மணி நேரம் காரில் போனோம். காரில் யாரும் என்னோடு பேசவில்லை.

அமெரிக்கப் பக்கம் நின்றால் அருவியின் தோளைத் தொட்டுக்கொண்டு நிற்கலாம். அதன் முழு முகத்தைப் பார்ப்பதற்குக் கனடாவில்தான் நிற்க வேண்டும். நான் அருவியையா பார்த்தேன்? எதிர்க்கரையில் புள்ளி புள்ளியாக ஜனங்கள். அக்கா போனில் கத்துகிறாள்: "டேய் தம்பி, மாம்பழக் கலர் சேலைடா, தெரியுதா?" நான் துண்டைச் சுழற்றினேன். "அக்கா, துண்டு தெரியுதா?" "தெரியுதுடா, தெரியுதுடா!" கண்புரை முற்றிய கண். எதிர்வீட்டுக்காரி வந்தாலே யாருன்னு கேட்பவள். தெரியுதாம்.

என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஏங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை விசாரிச்சிருக்கக் கூடாதா?" என்றார். முப்பது வருஷத்தில் அவர் கேட்ட கேள்விகளில் எனக்குப் பதில் இல்லாத கேள்வி அது.

அப்போதுதான் என் மருமகள் காரியத்தில் இறங்கினாள். அருவிக்கு அடியில் இரண்டு நாட்டுப் படகும் ஒரே தண்ணீரில்தான் போகின்றன. அந்தப் பக்கத்துக்கு போன் போட்டாள். "அத்தை, அங்கேயும் டிக்கெட் எடுங்க. பதினொன்றே காலுக்கு நீங்க ஏறுங்க, நாங்களும் ஏறுறோம்." கால் மணி நேரத்தில் போட்ட திட்டம். சகோதரி அவர்களே, அன்றைக்கு எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி முழுவதும் அந்தத் திட்டம் கொடுத்ததுதான்!

படகில் ஏறினோம். நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் அங்கி கொடுத்தார்கள். அமெரிக்கப் படகில் எல்லோருக்கும் நீலம். கனடாப் படகு எதிரே வருகிறது. எல்லோருக்கும் சிவப்பு! மாம்பழச் சேலை உள்ளே போய்விட்டது. நூற்றுக்கணக்கான சிவப்பில் எது என் அக்கா? இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள், எனக்கு அக்கரை முழுக்கச் சிவப்பு! அருவிச் சத்தத்தில் போனும் கேட்காது. "அக்கா!" என்று கத்தினேன். ஓரமாகக் குள்ளமாக ஓர் உருவம் இரண்டு கையையும் தூக்கி ஆட்டியது. நானும் ஆட்டினேன். அதற்குள் சாரல் மறைத்துவிட்டது.

மாலையில் போன் பண்ணி, "ஓரத்துல நின்னியே, பார்த்தேன்" என்றேன். "ஓரத்துல எங்கடா நின்னேன்? நடுவுல இல்ல நின்னேன்! நீ தொப்பி போட்டுக்கிட்டுக் கையாட்டினியே" என்கிறாள். நான் தொப்பி போடவே இல்லை!

நடுவர் மணியடிக்கிறார். ஒரே நிமிடம். இந்த முறை விண்ணப்பம் போட்டு, கைரேகை கொடுத்து, கனடா விசா கையில் வாங்கியாச்சு. நேரே டொராண்டோவுக்கே டிக்கெட். அக்கா மோர்மிளகாய் கேட்டிருக்கிறாள்.