கல்லும் கணக்கும்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)



திருவனந்தபுரத்தில் வாழும் நம்முள் பலர் நெல்லைச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்கள். சாயர்புரத்துச் செம்மணல் தேரிகளைக் கண்டிருப்பீர்கள். அத்தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி 1956-இல் சாய்னர், பிரிட்ஜெட் ஆல்சின் ஆகிய இருவரும் விரிவாக எழுதினர். ஒரு தேரியின் கற்களையும் மற்றொரு தேரியின் கற்களையும் அருகருகே வைத்து, 'இவை ஒரே மரபினரின் கைவேலையா?' என்று வினவினால் விடை கூறுவது எங்ஙனம்?

அழகிய கற்கள் இரண்டைக் காட்டி ஒப்புமை பேசுதல் எளிது. ஊரில் நெட்டையர் ஒருவரைக் கண்டு, ஊரார் அனைவரும் நெட்டையர் என்பது போன்றதே அது. ஆகவே ஒவ்வொரு கல்லையும் அளந்து, வகை பிரித்து எண்ணி, விழுக்காடு காணல் வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிறிய வெங்கச்சங்கல்லில் செய்த கருவி சிறிதாகத்தான் இருக்கும். நீளத்தை மட்டும் ஒப்பிட்டால், நாம் ஒப்பிடுவது மனிதரை அன்று, கூழாங்கல்லையே! அகலத்தை நீளத்தால் வகுத்து வரும் விகிதம் இக்குறையை ஓரளவு போக்கும்.

நீளமான கல் பெரும்பாலும் அகலமாகவும் இருக்குமன்றோ? ஒரே செய்தியை இருமுறை எண்ணிவிடாமல், பல அளவுகளையும் ஒருங்கே கொண்டு இரு தொகுதிகளின் இடைவெளியைக் காண 1936-இல் வழி வகுத்தவர் நம் நாட்டு மகலனோபிஸ் ஆவார். மக்களின் உடலளவுகளை ஒப்பிட எழுந்த அம்முறை கல்லுக்கும் பொருந்துகிறது.

திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863-இல் இராபர்ட் புரூஸ் புட் கைக்கோடரிகளைக் கண்டெடுத்தார். 1999 முதல் சாந்தி பப்பு குழுவினர் அங்கே அடுக்கடுக்காக அகழ்ந்து, சில்லுகளையும் விடாது எண்ணினர். ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே பெரிய கைக்கோடரிகள் அருகி, சிறு சில்லுக் கருவிகள் பெருகத் தொடங்கின என 2018-இல் வெளியிட்டனர். அம்மாற்றம் எந்தத் தனிக் கல்லிலும் தெரிவதன்று. 7,000-க்கு மேற்பட்ட கற்களின் கணக்கிலேயே அது புலனாயிற்று.

ஓரிடத்தில் 20 கருவிகளும் 180 கழிவுச் சில்லுகளும் கிடப்பதாகக் கொள்வோம். கருவிகள் 10 விழுக்காடு. வேடிக்கை பார்க்க வந்தோர் 15 கருவிகளைப் பொறுக்கிச் சென்றால், எஞ்சுவது 3 விழுக்காடும் இராது. பின்னர் வரும் ஆராய்ச்சியாளர் அதை வைத்தே அம்மக்களை எடைபோட நேரும். விடுமுறையில் ஊர் செல்லும் நம் இளைஞர்கள், தேரியில் கண்ட கல்லை அங்கேயே விட்டு, இடத்தை மட்டும் குறித்துவந்து தொல்லியல் துறைக்குத் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.