இடுப்பு வலியும் போனில் வரும் பயிற்சியும்

(கலகெதரவில் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



இன்றைக்கு இடுப்பு வலியைப் பற்றிப் பேசப் போகிறோம். இடுப்புப் பிடித்துக்கொண்டால் பேர் விழாது. ஆகவே இதுவும் சம்பளப் பேச்சுத்தான்.

இடுப்பு வலிக்குப் பயிற்சி என்று போனில் நிறைய வீடியோ வருகிறது. பிள்ளைகள் எடுத்துக் காட்டுகிறார்கள். செய்யலாமா என்று பலர் நம்மிடம் கேட்கிறார்கள். செய்யலாம். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, வேறு நோயால் வராத இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. உடற்பயிற்சி அதில் முக்கியமாக இருக்கிறது. இடுப்புப் பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றும் அது சொல்கிறது. கடன் வாங்கி பெல்ட் வாங்குகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போனில் பார்த்துச் செய்வதால் பலன் உண்டா? டென்மார்க்கிலும் நோர்வேயிலும் 461 பேரை வைத்து இப்படி ஒரு செயலியைச் சோதித்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான வைத்தியத்தோடு செயலியையும் பாவித்தவர்களுக்குக் கூடுதல் சுகம் கிடைத்தது. ஆனால் கொஞ்சம்தான். ஏழே நாளில் வலி பறந்துவிடும் என்று காசு கேட்கிறவனுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை கதிரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்காக எடுத்தவை. மணிக்கொரு தடவை எழுந்து நடங்கள் என்கிறார்கள். நமக்கு நடையா குறைச்சல்! தலையில் கயிறு போட்டுக் கூடையைச் சுமந்து, குனிந்து, சரிவில் ஒரு கால் மேலே ஒரு கால் கீழே நின்று நாள் முழுக்கப் பறிக்கிறோம். மருந்தடிக்கிறவர் முதுகில் 16 லீட்டர் டேங்க். கான் வெட்டுகிறவருக்கும் கவாத்து வெட்டுகிறவருக்கும் நிமிர நேரமில்லை. நமக்கு ஏற்றது படுத்துக்கொண்டு மெதுவாகச் செய்கிற பயிற்சி: மல்லாந்து படுத்து ஒவ்வொரு முழங்காலாக நெஞ்சுக்குக் கொண்டுவருவது, முழங்காலை மடித்து இடுப்பை மட்டும் மெல்லத் தூக்கி இறக்குவது. தொடக்கத்தில் கொஞ்சம் வலித்தால் பயமில்லை. வலி காலுக்கு இறங்கி ஓடினால் நிறுத்திவிடுங்கள். வாரக்கணக்காகச் செய்தால்தான் பலன் தெரியும். நாள்கணக்கில் பாயில் படுத்துக் கிடப்பது இடுப்பை இன்னும் இறுக்கும்.

சில அடையாளங்கள் இருந்தால் வீடியோ பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. கால் மரத்துப்போய் பலமிழந்தால், மலசலம் கட்டுப்படாமல் போனால், தொடை இடுக்கில் உணர்ச்சி இல்லாவிட்டால், காய்ச்சலோடு முதுகு வலித்தால், விழுந்த பிறகு வலி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு எடுத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். டிஸ்பென்சரியில் வாங்கிய வலி மாத்திரையை மாதக்கணக்கில் போடுவதும் ஆபத்து. வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும்.

சரி, பயிற்சி செய்ய நேரம் எங்கே? விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளை அனுப்பி, பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணிடம் காலையில் பயிற்சி செய் என்று சொல்வது ஏளனம். அந்தப் பத்து நிமிஷத்தை வேலை நேரத்திலேயே தர வேண்டும். பெரட்டுக் களத்திலேயே எல்லோரும் சேர்ந்து செய்யலாம். படுத்துச் செய்வதை ராத்திரிக்கு வைத்துக்கொண்டு, அங்கே நின்று செய்கிறதைச் செய்வோம்.

நிர்வாகம் நாளைக்கு, "போனில் பயிற்சி இருக்கிறதே, வலி உங்கள் பாடு" என்று சொல்லவும் கூடும். அதை ஒத்துக்கொள்ள முடியாது. முதுகில் பாரம் ஏறுவது நமது குற்றமா? கொழுந்தை அடிக்கடி நிறுத்து இறக்க வேண்டும். மடுவம் மலைக்குக் கிட்ட இருக்க வேண்டும். வழுக்கும் படிகளைத் திருத்த வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் வலி உள்ளவர்களுக்கும் பேர் வெட்டாமல் இலேசான வேலை கொடுக்க வேண்டும். இவற்றை எழுத்தில் கேட்கப் போகிறோம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பிசியோதெரபி படிப்பிக்கிறார்கள். அங்கிருந்து யாராவது வந்து தமிழில் ஒருநாள் காட்டித்தரும்படி கேட்டுக் கடிதம் அனுப்புவோம். அதற்குள் ஒவ்வொரு டிவிஷனிலும் யார் யாருக்கு வலி, எத்தனை நாளாக, என்ன வேலையில் வந்தது என்று தலைவிமார் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த மாதக் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியைக் கொண்டுவாருங்கள்.