கல்லுக்குள் நண்டு

நியூசிலாந்தின் தென்தீவில், கேன்டர்பரிப் பகுதியின் மோட்டுனாவ் கடற்கரையில் கிடக்கும் உருண்டைக் கற்கள் சிலவற்றினுள், சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மயோசீன் காலத்தைச் சேர்ந்த டுமிடோகார்சினஸ் ஜைகான்டியஸ் என்னும் பெருநண்டு புதைபடிவமாக உறைந்திருக்கிறது. கடலடிச் சேற்றில் புதைந்த உடலைச் சுற்றிச் சுண்ணாம்புக் கனிமம் படிந்து இறுகியதால் உருவான இக்கற்களைச் சுத்தியலால் பிளப்பது, உள்ளிருக்கும் அரிய செல்வத்தையே சிதைப்பதாகிவிடும் என்பதால், அழுத்தக் காற்றினால் அதிரும் நுண்ணுளியைக் கொண்டு, ஓட்டின் நிறம் தென்படும்வரை பொறுமையுடன் செதுக்குகின்றனர். வயிற்றுப்புறம் மடிந்திருக்கும் பகுதி குறுகியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண் என அறியலாம். இந்த அடையாளம் இன்றைய நண்டுகளுக்கும் அப்படியே பொருந்துவது வியப்புக்குரியது. வளர்ந்த ஆணின் ஒரு கொடுக்கு மட்டும் மற்றதைவிட மிகப் பருத்திருப்பதும், 1960இல் கிளெஸ்னர் என்னும் தொல்லுயிரியலாளர் பெயரிட்ட இவ்வினத்தை இனங்காண உதவுகிறது.