கனடா வந்ததும் புத்தகத்தை மூடாதீர்கள்



பார்பரா ஸ்மக்கர் 1977இல் எழுதிய 'அண்டர்கிரவுண்ட் டு கனடா' நாவலை இங்கே கனடாவில் பல பிள்ளைகள் படித்திருக்கிறார்கள். வர்ஜீனியாவில் தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்ட ஜூலிலி என்ற சிறுமி, மிசிசிப்பித் தோட்டத்திலிருந்து ஆண்பிள்ளை வேடத்தில் தப்பிக் கனடா வந்து சேர்கிறாள். நல்ல நாவல். அதைப் படிப்பிக்கிற விதத்தோடுதான் எனக்குச் சண்டை!

வகுப்பில் என்ன நடக்கிறது? ஓட்டம், ஒளிப்பு, துரத்தல். சிறுமி இந்த மண்ணில் கால் வைத்ததும் பாடம் முடிந்துவிடுகிறது. கொடுமை அங்கே, கருணை இங்கே என்று பிள்ளை எழுதுகிறது. ஆசிரியர் சரி போடுகிறார். இதுவா வரலாறு?

வழியில் இருந்த, அடிமை முறை இல்லாத ஒஹாயோ மாநிலத்திலேயே ஜூலிலி ஏன் நின்றுவிடவில்லை? 1850இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சட்டம் அவளை அங்கும் துரத்தியது. பிடிபட்டவர் தனக்காகச் சாட்சி சொல்ல முடியாது, ஜூரி கிடையாது. அடிமை என்று தீர்த்துத் திருப்பி அனுப்பும் ஆணையாளருக்கு 10 டொலர், விடுவித்தால் 5 டொலர். ஆசிரியர்களே, இந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதுங்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது விளங்கும்.

பிறகு கனடாவுக்கு வாருங்கள். 1793 மார்ச்சில், நயாகரா ஆற்றங்கரையில் குயின்ஸ்ரன் என்ற ஊரில், குளோயி கூலி என்ற கறுப்பினப் பெண்ணை அவளுடைய எசமான் கயிற்றால் கட்டிப் படகில் ஏற்றினான். அவள் கத்தினாள், திமிறினாள். அக்கரையில், அமெரிக்காவில், அவளை விற்றான். ஆம், கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு! செய்தி அங்கே துணைநிலை ஆளுநராக இருந்த சிம்கோவுக்கு எட்டியது. அந்த ஆண்டே அடிமை முறையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. ஆனால் ஏற்கெனவே அடிமையாக இருந்த ஒருவரைக்கூட அது விடுவிக்கவில்லை. அவர்களுக்கு இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் 25 வயதில்தான் விடுதலை. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வர 1834 ஆயிற்று.

அமெரிக்கச் சட்டம் வந்த அதே 1850இல், இன்றைய ஒன்ராறியோவில், கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை வைக்கச் சட்டத்தில் வழிவிட்டார்கள். அந்தப் பிரிவு 1964 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது!

இதைச் சொன்னால் பிள்ளைகளின் மனம் நோகும் என்கிறார்கள். எந்தப் பிள்ளையின் மனம்? தன் முன்னோரைக் காப்பாற்றப்பட்டவர்களாக மட்டுமே காட்டும் பாடத்தைக் கேட்டுக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் கறுப்பினப் பிள்ளையின் மனத்தை யார் நினைத்தார்கள்?

நாமும் அடைக்கலம் தேடி வந்தவர்கள். இந்த நாட்டின்மேல் நமக்கு நன்றி உண்டு. அந்த நன்றிக்காக இன்னொரு மக்களின் வரலாற்றில் பாதியை விழுங்க நமக்கு உரிமை இல்லை. பெற்றோரே, அடுத்த பெற்றோர் சந்திப்பில் புள்ளிகளை மட்டும் கேட்டுவிட்டு எழும்பாதீர்கள். குளோயி கூலியை எந்த வகுப்பில் படிப்பிக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை இருங்கள்.