வரி எந்தப் பக்கம் குறைவு?

(ஊத்துக்கோட்டை வணிகர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் கடைத்தெருவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "ஆந்திராவில் வரி குறைவு. கடையை நாகலாபுரத்துக்கோ சத்தியவேட்டுக்கோ மாற்றிவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம்" என்பார் ஒருவர். "பெட்ரோல் போட அவர்கள் அல்லவா இங்கே வருகிறார்கள்!" என்பார் மற்றவர். இருவர் சொல்வதும் பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி முதல் போடுகிறவருக்கு முழு நஷ்டம் வந்து சேரும்.

1939இல் ராஜாஜி அரசு சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தபோது இரு பக்கமும் ஒரே மாகாணமாக இருந்தது. 1953இல் ஆந்திரம் பிரிந்தது. 1960 ஏப்ரல் 1இல் எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டன. அதன்பின் ஒரே சரக்குக்கு இங்கே ஒரு வரி, அங்கே ஒரு வரி. 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வேறுபாடு போயிற்று. வணிகவரிச் சோதனைச் சாவடிகளும் போயின. இன்று சோப்புக்கும் சிமெண்ட்டுக்கும் இரு பக்கமும் ஒரே விகிதம்தான்.

அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? ஜி.எஸ்.டி.க்கு வெளியே நிற்கும் பெட்ரோல், டீசல், மதுவில், பத்திரப் பதிவில், வாகன வரியில், உள்ளாட்சி வரியில். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பெட்ரோலுக்குத் தமிழ்நாட்டில் 13 சதவிகித வரியும் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். ஆந்திராவில் 31 சதவிகிதம், அதன் மேல் லிட்டருக்கு 4 ரூபாய், சாலை மேம்பாட்டுக்கு இன்னொரு ரூபாய். 2025ஆம் ஆண்டு நிலவரப்படி லிட்டருக்கு ஏறத்தாழ 8 ரூபாய் நமக்கு மிச்சம். மாதம் 30 லிட்டர் போடும் சிறு வியாபாரிக்கு ஆண்டுக்கு 2,880 ரூபாய்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். நிலமோ கடையோ வாங்கினால் இங்கே முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவிகிதம், அங்கே 7.5 சதவிகிதம். 10 லட்சம் ரூபாய் சொத்துக்கு 15,000 ரூபாய் வித்தியாசம். ஐந்து ஆண்டு பெட்ரோலில் மிச்சப்படுத்தியது ஒரே பத்திரத்தில் கரைந்துவிடுகிறது! அதே 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைகிறது. நம்மில் எத்தனை பேர் இதைப் பயன்படுத்துகிறோம்?

விகிதத்தை மட்டும் பார்ப்பதும் ஏமாற்றும். 2017இல் நம் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவிகிதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவிகிதத்திலிருந்து 4 ஆக்கியது. 2023இல் மதிப்பை ஏற்றிக் கட்டணத்தை 2 ஆக இறக்கியது. எந்த மதிப்பின் மீது எத்தனை சதவிகிதம் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

மாநிலத்தின் மொத்த வரியை மக்கள்தொகையால் வகுத்து "ஒருவர் தலையில் இவ்வளவு சுமை" என்று எழுதுகிறார்களே, அதையும் அப்படியே நம்பாதீர்கள். 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். குடிக்காத குடும்பம் அதில் ஒரு காசும் கட்டவில்லை. ஆனால் சராசரிக் கணக்கில் அந்தக் குடும்பத்தின் தலையிலும் அது ஏறுகிறது!

இளைஞர்களே! எல்லையில் கடை வைத்திருக்கும் நமக்கு வரி விகிதத்தை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ளவர்கள் 1 சதவிகிதம் கட்டும் இணக்கமுறைத் திட்டத்தில் இருந்தால் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்பக் கூடாது. பதிவே இல்லாதவர்களும் அனுப்பக் கூடாது. திருவள்ளூருக்கு ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கு வரை இ-வே பில் தேவையில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஆந்திராவுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினாலே தேவை. "பக்கத்து ஊர்தானே" என்று ஏற்றி அனுப்பினால் வண்டி நிற்கும். வரியைப் போல் இரு மடங்கு அபராதம் வரும். அளவிலும் நிறுவையிலும் நேர்மை பேணச் சொல்லும் மார்க்கத்தைச் சேர்ந்த நாம் ரசீதிலும் நேர்மையாக இருப்போம்.

கடைசியாக, நாம் அதிகம் மறப்பது உள்ளாட்சி வரியை. 2022 ஏப்ரலில் சென்னைக்கு வெளியே நகர்ப்புற உள்ளாட்சிகளில் வணிகக் கட்டடங்களின் சொத்து வரி 100 சதவிகிதம் உயர்ந்தது. ஆந்திர நகராட்சிகள் புதிய முறைக்கு மாறியபோது, ஆண்டு உயர்வு 15 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். அத்தகைய வரம்பை நாமும் கேட்டிருக்க வேண்டாமா?

தொழில் வரிக்கு அரசியல் சட்டம் வைத்த உச்சம் நாடெங்கும் ஆண்டுக்கு 2,500 ரூபாய். ஆந்திராவில் அது மாநிலக் கருவூலத்துக்குப் போகிறது. இங்கே நம் பேரூராட்சிக்கே வருகிறது. நாம் கட்டிய காசு நம் தெருவிலேயே இருக்கிறது என்றால், கணக்குக் கேட்கும் உரிமையும் நம் வாசலிலேயே இருக்கிறது என்று பொருள்.

ஆகவே சகோதரர்களே, கடையை மாற்றும் முன் ஓராண்டு ரசீதுகளை எடுத்து வையுங்கள். பெட்ரோல், பத்திரம், சொத்து வரி, தொழில் வரி என்று தனித்தனியே எழுதிக் கூட்டுங்கள். அரையாண்டின் முதல் மாதத்திலேயே சொத்து வரி கட்டி 5 சதவிகித ஊக்கத்தொகையைப் பெறுங்கள். கடைத்தெருவுக்கு ஐந்து பேர், எந்தச் சமுதாயத்தவராயினும் சேர்ந்து, உங்கள் வார்டு உறுப்பினரிடம் செல்லுங்கள். "இந்த ஆண்டு எங்களிடம் வசூலித்தது எவ்வளவு? கடைத்தெருவின் சாக்கடைக்கும் விளக்குக்கும் செலவிட்டது எவ்வளவு?" என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.